இரண்டாவது நாற்காலி

நம்பினால் நம்புங்கள். பேய், பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. மனுஷன் மேலேயே கிடையாது. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், போன வியாழக்கிழமை, மாலை 4.10க்கு.

என் மகன் அரசாங்க உரக் கம்பெனியில் பாய்லர் வேலை பார்த்தான். பாய்லர் வெடித்துச் செத்தான். ஆவி வெளியேறும் வால்வை அவன் திறக்காததுதான் காரணம் என்று கம்பெனி எழுதி வைத்துவிட்டது. அந்த வரியை அடிக்க வேண்டும். என் மனு அவ்வளவுதான். அரசாங்கக் கம்பெனிகள் மேல் வருகிற அப்பீலைக் கேட்க ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் விசாரணை. நான் போக ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நாற்காலி காலி. நாலு வருஷமாக வாய்தா. வக்கீல் வைக்கவில்லை. அவனும் விலை போவான்.

அன்றைக்கு மேடையில் இரண்டு பேர். தலைவர். பக்கத்தில் மெலிந்த ஒருத்தர், வெள்ளைச் சட்டை. அப்பாடா என்றிருந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. மின்விசிறிக் காற்றில் தலைவரின் காகிதங்கள் படபடத்தன. வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் இருந்தவை அசையவே இல்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"இன்னொரு உறுப்பினர் இல்ல. மூணு மாசம் வாய்தா," என்றார் தலைவர்.

"ஐயா, பக்கத்துலயே உக்காந்திருக்காரே!"

எல்லாரும் சிரித்தார்கள். "பெரியவருக்கு வெயில் தலைக்கேறிடுச்சு," என்றார் கம்பெனி வக்கீல்.

தலைவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வேகமாக எழுந்து போய்விட்டார்.

4.14. அறை காலி. முழங்கால் பிடித்துக்கொண்டது. என்னால் எழ முடியவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரரும் எழவில்லை.

கிர்ர்... கிர்ர்... பேனா ஓடும் சத்தம்.

"வால்வைத் திறந்தது யாரு?"

நாலு வருஷத்தில் எவனும் கேட்காத கேள்வி.

"என் மகன்தான் ஐயா."

"அவனும் அப்படித்தான் சொன்னான்."



"எப்ப... சொன்னான்?"

"காலைல."

கண்ணைத் துடைத்தேன்.

நாற்காலி காலி.

திங்கட்கிழமை வாய்தா நகல் வாங்கப் போனேன். குமாஸ்தா என் வழக்குக் கட்டைப் பிரித்தார். கடைசித் தாளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. மெதுவாகப் படித்தார்.

"மகன் சாட்சி பதிவானது. வால்வைத் திறந்தவன் அவனே. திரும்ப மூட வைத்தவர் மேலாளர்."

"யார் எழுதினது?" என்றேன்.

"எழுத்து பழைய உறுப்பினரோடதுதான். ஆனா... அவரு செத்து அஞ்சு வருஷமாச்சே."

"இருக்கட்டும். இதையே தீர்ப்பா குடுங்க."

"செல்லாது பெரியவரே. கிழிச்சுத்தான் போடணும்."

கடைசி வரியை மட்டும் அவர் படிக்கவில்லை. விரலால் மறைத்துக்கொண்டார். விரலை விலக்கினேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படித்தேன்.

"தந்தையின் சாட்சி: வரும் வியாழன், மாலை 4.10. வாய்தா கிடையாது."

இன்று புதன்.