பனி ஹாக்கி பார்க்க ஒரு காரணம்

2008 ஜூன் 4, புதன். சவரம், குளியல், மாத்திரை எல்லாம் முறைப்படி முடித்து, நண்பகலில் வளைகுடாவின் புஜைரா துறைமுகச் சாலைத் தேநீர்க் கடையில் இருக்கிறேன். தொலைக்காட்சியில் பனி ஹாக்கிச் சாம்பியன் போட்டி. பந்துக்குப் பதிலாக ஒரு கறுப்பு வில்லையாம். அது கண்ணில் படுவதில்லை, அடிதடி நன்றாகத் தெரிகிறது.

"கிரிக்கெட் போட்டா ஒரு டீய வச்சிக்கிட்டு மூணு மணி நேரம் உக்காருறாங்க. யாவாரம் படுத்துருச்சு. அதான் இதப் போட்டேன்," என்கிறார் கடைக்காரர் காதர் பாய்.

வெயிலில் வெந்த கட்டட சைட் ஆட்கள் நுழைகிறார்கள். திரை முழுக்கப் பனிக்கட்டி. உட்கார்ந்தவர்கள் எழவேயில்லை.

"யாருப்பா ஜெயிக்கிறா?" என்கிறார் பாய்.

"யாருக்குத் தெரியும்? விழுந்தவன் சறுக்கிட்டே போறான் பாருங்க பாய், எனக்கே குளுருது," என்கிறார் சைட் ஆள் ஒருவர்.

"கலாஸ், போதும். மாத்தப் போறேன்."

"மாத்துனா நாளைக்கு எதிர்க் கடைதான்."

பாய் ரிமோட்டைக் கீழே வைக்கிறார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், அந்தக் கடையில் இடம் பிடிக்கிறேன். இறுதி ஆட்டமாம்.