காலையில் கேட்ட கேள்வி

லண்டன் ஆஸ்பத்திரித் தீக்காய வார்டில் அந்த டாக்டரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ்நாட்டுக்காரர். கட்டை உருவம், சிரிக்காத முகம். ஸ்ட்ரெதம் பக்கம் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் கொதி எண்ணெய் கொட்டி என் தம்பிக்கு நெஞ்சும் கைகளும் வெந்திருந்தன. தினமும் காலையில் புண்ணைப் பார்க்க முன், "இன்னைக்கு என்ன கிழமை? எங்க இருக்கீங்க?" என்று அவனிடம் கேட்பார். எங்கள் ஊர் ஆட்களில் நோயாளியைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்தான் பதில் சொல்வார். நானும் அவனுக்காகச் சொன்னேன்.

ஆறாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அவன் தப்புவானோ மாட்டானோ, அதைச் சொல்லுங்கோ. இதென்ன பள்ளிக்கூடச் சோதனையோ?"

"இப்ப சொல்ல முடியாது. கிருமி ரத்தத்துல ஏறினா, காய்ச்சலுக்கு முன்னாடியே பேச்சு குழம்பலாம். அதுக்குத்தான் கேக்கறேன். நீங்க பேசாதீங்க."

எங்கே இருக்கிறான் என்று அவனிடமே திரும்பக் கேட்டார். தம்பி, தான் லண்டனின் மறுகோடியில், ஹவுன்ஸ்லோவில் பஸ்ஸுக்கு நிற்பதாகச் சொன்னான்.

"நித்திரை இல்லை, அதுதான்," என்றேன்.

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் கால்விரல்கள் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை காத்திருக்காமல் கிருமிக்கு மருந்தை ஏற்றினார். இரண்டு நாள் இழுபறிப்பட்டு அவன் தப்பினான்.

தம்பியை வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது டாக்டருக்கு நன்றி சொன்னேன். "பஸ்ஸுக்கு நிக்கறேன்னு சொன்னாரே, அதுக்கு முந்தின நாளே தம்பி ஏதாவது குழம்பிப் பேசினாரா? அடுத்து வர்றவங்களுக்கு உதவும்," என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

பேசினான். செத்துப்போன அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தாச்சோ என்று கேட்டான். பேசாமல் படு என்று நான்தான் அதட்டினேன்.