பிரிட்ஜை நிறுத்திவிட்டு

லோரீன் சமையலறை மேசையில் உட்காரும் முன் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். அந்த உறுமல் அடங்கினால்தான் அவளுக்கு வேலை ஓடும்.

"மான்கறி உருகிடும்டி," என்பான் அண்ணன் ராய்ஸ்.

"உருகினா வறுத்துத் தின்னு. இப்ப வாயை மூடிட்டு இரு."

பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, குண்டறைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். பிறகு அவனிடம் நீட்டுவாள். "நீயும் பாரு." தோட்டாக்கள் அடுத்த அறையில் பூட்டிக் கிடக்கும். ஆனாலும் இரண்டு பேர் பார்த்தாக வேண்டும். அவர்களுடைய அப்பா பழக்கியது அப்படி. பார்த்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, காலித் துப்பாக்கியின் டிரிகரை மெல்ல இழுப்பாள். பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பவள் மாதிரி இருக்கும் அப்போது அவள் முகம்.

கென்டக்கி மலைச்சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். திரும்பிப் பார்க்காமலே, "கடைசி சீட்டு, காலைக் கீழ போடு" என்பாள், கால் இறங்கிவிடும். அதே காது டிரிகருக்குள்ளும் போகும். "உள்ள மணல் நெரியுற மாதிரி இருக்கு அண்ணே. சொரசொரப்பு இன்னும் போகல." தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் சின்னக் கொக்கியைக் கழற்றி, கறுப்பு மையைப் பூசி, எங்கே உரசுகிறது என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பாள். அந்த இடத்தைத் தேய்க்கிற சாணைக்கல் ஓர் இருமல் மிட்டாய் டப்பாவில் இருக்கும். ஏப்ரனின் விளிம்பை மேசையோடு சேர்த்துக் கிளிப் போட்டிருப்பாள், துள்ளும் ஸ்பிரிங் மடியில் விழட்டும் என்று. ஒருமுறை தப்பிய ஸ்பிரிங் ராய்ஸின் அவரைக்காய்ச் சூப்பில் அகப்பட்டது. "கடிச்சிட்டியா? வளைஞ்சிருக்கா பாரு," என்றாள். அவன் பல்லைப் பற்றி அவள் கேட்கவில்லை.

மரஅறுப்பு ஆலைக்குப் போவதற்காகப் பத்தாவதோடு படிப்பை விட்டவன் ராய்ஸ். தங்கையின் குறிபார்ப்பைப் பற்றி முடிவெட்டும் கடையில் அவன் பேசத் தொடங்கினால் கத்தரிக்கோல் நின்றுவிடும். போன வருஷம் மட்டும் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை. மாநிலப் போட்டியில் சுடுவதற்கு முன்னால், டிரிகர் அளவுக்கு மீறி இளகிவிடவில்லை என்று காட்ட, அதில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். கல் மேசையை விட்டு எழுந்து தொங்கினாலும் சுத்தியல் விழக்கூடாது. லோரீன் தூக்கினாள். 'டிக்' என்றது. கொக்கியை ஒரு தேய்ப்பு கூடுதலாகத் தேய்த்திருந்தாள். அவள் வெளியேற்றப்பட, அவளை நம்பி வந்த மூன்று பெண்களும் அணி கலைந்து வீடு திரும்பினார்கள். இந்த வருஷமும் அவள் பெயரைத்தான் கொடுத்தார்கள்.

போட்டிக்கு முந்தைய மாலை அவள் மறுபடி கண்ணை மூடினாள். "கடைசியில ஒரே ஒரு மணல் இருக்கு." கை தானாகச் சாணைக்கல்லுக்குப் போயிற்று.

"அதோட சுட முடியாதா?"

"முடியும். விரல்ல முள்ளு இருக்கிற மாதிரி இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்டி."

கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு டப்பாவில் போட்டு மூடினாள். ராய்ஸ் டப்பாவை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் செருகிப் பொத்தான் போட்டுக்கொண்டான். அவள் பார்த்தாள், திட்டவில்லை.

மறுநாள் போட்டியில் எடை பார்த்தவர், போன வருஷமும் பார்த்த டெல்பர்ட் கிழவர்தான். "வா லோரீன். இன்னிக்காவது சத்தம் போடாம தூக்கு," என்றார். அவள் சிரிக்கவில்லை. கல் மேசையை விட்டு எழுந்தது, லேசாக ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. சத்தமில்லை. ராய்ஸின் வாயிலிருந்த பல்குத்தும் குச்சி இரண்டாக ஒடிந்திருந்தது.

"போ, போய்ச் சுடு," என்றார் கிழவர்.

"இந்த வருஷம் எங்களை மூட்டை கட்ட வைக்காம விட்டியே, மகராசி!" என்று முதுகில் அறைந்தாள் அணித் தோழி ஆர்டித். நான்காம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் வண்டிக்குள் பாட்டு.

வீட்டுக்கு வந்ததும் லோரீன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. துப்பாக்கிப் பெட்டியை மேசையில் வைத்தாள். மண்டியிட்டு, நேற்று மாலையிலிருந்து தரையில் கிடந்த பிளக்கை எடுத்துச் செருகினாள். பிரிட்ஜ் ஒருமுறை உலுக்கிக்கொண்டு உறும ஆரம்பித்தது. அதன் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.