தட்டு அக்கா போடாத கையெழுத்து

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் தட்டு அக்கா. பத்தொன்பது வருடமாக பாக்டீரியாவுக்குச் சாப்பாடு சமைப்பவர். அகர் என்ற கடற்பாசித் தூளையும் உப்பையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, சூடு தணிந்ததும் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றுவார். குமிழி விழுந்த தட்டு நேரே குப்பைக்கூடைக்குத்தான், யார் கெஞ்சினாலும் சரி. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் ஒரு தட்டைத் தேதி எழுதிக் குளிர்பெட்டியில் ஒதுக்கி வைப்பார். இடத்தை அடைக்கிறது என்று எத்தனையோ பேர் முணுமுணுத்துப் பார்த்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரமாக அங்கே யார் முகத்திலும் ஈயாடவில்லை. பாக்டீரியாவுக்குள் ஒரு மரபணுவைப் புகுத்தியிருந்தார்கள். பால் சர்க்கரையைக் கண்டால் விழித்துக்கொள்ளும் மரபணு. விழித்தால் தட்டில் நீலப் புள்ளிகள் தெரியும். பால் சர்க்கரை தட்டிலேயே கலந்திருந்தது. ஆனாலும் வந்ததெல்லாம் வெள்ளை.

பழியை எங்கே இறக்கலாம் என்று தேடிய தலைமை விஞ்ஞானி, கடைசியில் அக்கா வேலை செய்யும் கழுவுதொட்டிப் பக்கம் வந்து சேர்ந்தார். படித்தவர்கள் தப்புச் செய்ய மாட்டார்கள் அல்லவா? தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை அக்காவிடம் நீட்டினார். 'எனது கவனக்குறைவால் மூன்று வார ஆய்வு வீணானது.' கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். சின்ன மகளுக்குக் கல்லூரிப் படிப்பு இன்னும் முடியவில்லை. அக்கா கடிதத்தை மேஜையில் வைத்தார்.

"போட மாட்டேன் சார். முதல்ல சோதிச்சுப் பாருங்க."

குளிர்பெட்டியிலிருந்து போன மாதத் தட்டு ஒன்றையும் இந்த மாதத் தட்டு ஒன்றையும் எடுத்து, ஆராய்ச்சி செய்யும் பெண்ணிடம் கொடுத்தார். "ஒரே கிருமியை ரெண்டுலயும் தடவும்மா."

மறுநாள் காலை பழைய தட்டு முழுக்க நீலம். புதியது வெள்ளை.

"பாத்தீங்களா? கோளாறு உங்க தட்டுலதான்," என்றார் விஞ்ஞானி.

"ஆமா சார், தட்டுலதான்."

அக்கா சுவரில் ஒட்டியிருந்த செய்முறைத் தாளைப் பிரித்து எடுத்து வந்து மேஜையில் வைத்தார். அடியில் பேனாவால் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது: குளுக்கோஸ், லிட்டருக்கு நாலு கிராம். பக்கத்தில் விஞ்ஞானியின் சுருக்கொப்பம், இந்த மாதம் முதல் தேதி.

"கிருமி சீக்கிரம் வளரட்டும்னு நீங்கதான் சேர்க்கச் சொன்னீங்க. உடம்பு நோகாம குளுக்கோஸ் கெடைச்சா, அது எதுக்கு சார் பால் சர்க்கரையைத் தொடும்? அந்த மரபணு தூங்கிட்டேதான் இருக்கும். வருஷா வருஷம் புதுசா வர்றவங்களுக்கு முதல் வாரமே நீங்க நடத்துற பாடம்தான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அன்னைக்கே சொன்னேன். 'சொன்னதைச் செய்யுங்க'ன்னீங்க. செஞ்சேன்."

ஆராய்ச்சிப் பெண் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். விஞ்ஞானி கையை நீட்டினார்.

"சரி, விடுங்க. அந்தக் கடிதத்தைக் குடுங்க, கிழிச்சுப் போட்டுடலாம்."

"எதுக்கு சார் கிழிக்கணும்? ஒரு எழுத்துகூட மாத்த வேணாம். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அக்கா கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.