கிளிக்கு ஸ்கிரீன், இம்பெல்லருக்கு ஸ்பீடு

காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் நட்டநடுவில் நின்று நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டோம். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். சண்டை பாதியில் இருக்கும்போது இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டோம் — அதுதான் அதிசயம். அவர் எனக்காக, நான் அவருக்காக... குரல் மட்டும் குறையவே இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் இரண்டு பேர். லேப்டாப் ஒன்று. வீட்டுக்காரர் கதிர்வேல், ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் பிரிவில் இருந்தவர். இப்போது வீட்டிலிருந்தபடியே, இரும்பை உருக்கி வார்க்கிற ஃபவுண்டரிகளுக்கு 3டி டிராயிங் போட்டுக் கொடுக்கிறார். நான் இந்தப் பத்தி எழுதுகிற நேரம் போக, திருப்பூர் கம்பெனிகளுக்குக் குழந்தைத் துணியில் அச்சடிக்கிற படங்கள் வரைகிறேன். முயல், வாத்து, தொப்பி போட்ட கரடி... இந்த மாதிரி. காலையில் மேஜை அவருக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு. ஒரே மேஜையில் இரண்டு ஷிஃப்ட் ஓடுகிற மில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த லேப்டாப் ஒரு நாள் படுத்தது. எழுப்பிப் பார்த்தோம், எழவில்லை. ரிப்பேர் கடைக்காரர் உள்ளே திறந்து பார்த்துவிட்டு, “நல்லா உழைச்சிருக்குதுங்க” என்றார். டாக்டர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான்.

இருவருக்குமே மோசமான நேரம். அவருக்கு ஒரு புது ஃபவுண்டரியின் முதல் வேலை. இம்பெல்லர் டிராயிங். மோட்டார் பம்புக்குள் சுழன்று தண்ணீரை வெளியே தள்ளுமே, அந்தச் சக்கரம். அதை வைத்துத்தான் அச்சு வெட்டப்போகிறார்கள்.

எனக்கோ, கைவிட்டுப் போன ஒரு கம்பெனி கொடுத்த இரண்டாவது வாய்ப்பு. போன முறை நான் அனுப்பிய வாத்துக்குஞ்சு என் ஸ்கிரீனில் இளமஞ்சள். துணியில் வந்தபோது கடுகு நிறம். பச்சைக்குழந்தை நெஞ்சில் கடுகு நிற வாத்து... அங்கே டிசைன் பார்க்கிற ஷமீமா மேடம் கோபப்படவில்லை. “அடுத்த தடவை பார்ப்போமுங்க” என்றார். கொங்கு நாட்டில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. அந்த அடுத்த தடவை இப்போதுதான் வந்திருக்கிறது. கிளிப் படம் கேட்டிருக்கிறார்.

ஆக, அவருக்கு வேண்டியது வேகம். எனக்கு வேண்டியது கலர்.

ஸ்கூட்டரில் கடைக்குப் போகும் வழியெல்லாம் விவாதம். “ஸ்கிரீனுங்கறது மூஞ்சி மாதிரி அம்மணி. மூஞ்சியப் பார்த்து மாடு வாங்குவாங்களா? இழுக்கோணும். அதான் முக்கியம்” என்றார் அவர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

“ஏனுங்க, தப்பான கலரை வேகமா அனுப்பி நான் என்ன செய்யறது?” என்றேன் நான், பின் சீட்டிலிருந்து.

பக்கத்தில் சிக்னலுக்கு நின்ற ஆட்டோக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என் பேச்சில்தான் நியாயம் தெரிந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

கடையை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களாம். அதனால் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்களையெல்லாம் தள்ளுபடியில் போட்டிருந்தார்கள். நல்லவையெல்லாம் போய், எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இரண்டே இரண்டு மிச்சம். எங்களைக் கவனித்த பெண் நித்யா, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எடுத்து வைத்தார்.

“இதுல ஸ்கிரீன் அருமையா இருக்குமுங்க மேடம். கலரெல்லாம் அப்படியே அச்சா தெரியும். ஆனா ப்ராசஸர் கொஞ்சம் பழசுங்க. அந்தப் பக்கம் இருக்கறது நல்லா ஓடுமுங்க சார். தனியா கிராஃபிக்ஸ் கார்டே இருக்குது. ஸ்கிரீன்தான்... சுமார்.”

சுமார் என்ற சொல்லை அந்தப் பெண் உச்சரித்த மரியாதையே தனி.

வேகமானதை வாங்கி, வெளியே நல்ல மானிட்டர் ஒன்று மாட்டிக்கொள்ளலாமே? உங்களுக்குத் தோன்றுவது எங்களுக்கும் தோன்றியது. ஆனால் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிட்டது. அதோடு அவர் ஃபவுண்டரிக்கும் நான் திருப்பூர் பஸ்ஸுக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டா அவினாசி ரோட்டில் போவது?

“உங்க வேலையையே போட்டுப் பார்த்துக்குங்க” என்றார் நித்யா. பென் டிரைவ் இருவர் பையிலும் இருந்தது. ரிப்பேர் கடைக்காரர் மீட்டுக் கொடுத்த ஃபைல்கள்.

முதலில் நல்ல ஸ்கிரீனில் என் கிளியைத் திறந்தேன். திறக்கச் சற்று நேரம் எடுத்தது. திறந்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இறக்கையில் நான் வைத்த பச்சைகள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. பழைய ஸ்கிரீனில் குத்துமதிப்பாகத் தடவியிருந்த இடங்களெல்லாம் மூச்சு விட்டன. சில இடங்களில் தப்பும் தெரிந்தது. பரவாயில்லை, தெரிந்தால்தானே திருத்தலாம்.

திரும்பிப் பார்த்தேன். கதிர்வேல் குனிந்து, மூக்கு ஸ்கிரீனில் முட்டுகிற மாதிரி நின்றிருந்தார்.

“கழுத்துக்கிட்ட ஊதா இருக்குதே, அது எப்ப வெச்ச?”

“அது முதல்லயே இருக்குதுங்க.”

“நான் பார்த்ததே இல்லையே.” பிறகு, வேறு குரலில் கேட்டார். “இத்தன நாளா நீ இதையா வரஞ்சிட்டிருந்த?”

நான் கழுத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டினேன்.

அடுத்து வேகமான லேப்டாப்பில் அவருடைய இம்பெல்லர். பழைய லேப்டாப்பில் அதைத் திருப்பினால் நொண்டி நொண்டித் திரும்பும். நடுவில் ஒரு முறை உறைந்து நிற்கும். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். இங்கே விரலை வைத்ததும் வழுக்கிக்கொண்டு சுழன்றது. வாழைப்பூ மடல் போல வளைந்த இறக்கைகள், ஒன்றின் பின் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்து ஒளிந்து வெளியே வந்தன. தண்ணீர் எப்படி உள்ளே வந்து எப்படி வெளியே பாயும் என்று எனக்கே புரிந்தது. அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். அந்தச் சக்கரம் இவ்வளவு அழகு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சரி... அவர் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் பித்துப் பிடித்துவிட்டது.

“அந்த ஸ்கிரீனையே எடுத்துக்கலாம்” என்றார் அவர்.

“வேண்டாமுங்க. இதுதான் வேணும்” என்றேன் நான்.

“உன்ற கிளி இதுல காய்ச்சல் வந்த மாதிரி இருக்குது. பாரு.”

“உங்க சக்கரம் அதுல சுத்தவே சுத்தாது. நீங்க பாருங்க.”

“நான் பார்ட் பார்ட்டா பிரிச்சு வேலை செஞ்சுக்குவேன்.”

“நான் ஸ்கிரீனைப் பார்க்காம, கலரை நம்பர் வெச்சுப் போட்டுக்குவேன்.”

“நம்பர் வெச்சுத்தான் போன தடவை கடுகு வந்துச்சு.”

இது கொஞ்சம் ஓவர். பொது இடத்தில் வாத்தை இழுத்திருக்கக்கூடாது. நானும் விடவில்லை. விட்டுக்கொடுக்கிறவர்கள் போடுகிற சண்டை இருக்கிறதே, அதற்கு முடிவே கிடையாது. பிடுங்குகிற சண்டையிலாவது ஒருத்தர் ஜெயிப்பார். நித்யா இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிவிட்டு, எங்களுக்கு டீ சொல்லப் போய்விட்டார்.

அப்போது எங்கள் பின்னாலிருந்து ஒரு குரல். “ஏனுங்க, இதுல எது படம் நிக்காம ஓடுமுங்க?”

திரும்பினோம். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. தோளில் ஒரு பெரிய கைப்பை. டீயோடு வந்த நித்யா, வேகமானதைக் காட்டி, “இதுங்கம்மா. என்ன படம் பார்க்கறதுக்குங்க?” என்று கேட்டார்.

“யானைங்க.”

கடையில் எல்லோரும் ஒரு கணம் நின்றுவிட்டார்கள்.

அந்த அம்மாவுக்குத் தொண்டாமுத்தூரில் காட்டோரமாகத் தென்னந்தோப்பு. உள்ளே வாழையும் போட்டிருக்கிறார். தோப்பைச் சுற்றிக் கேமரா மாட்டி, வீட்டுக்குள்ளிருந்தே பார்க்கிறார். “இப்ப இருக்கற பொட்டியில படம் நின்னு நின்னு வருதுங்க. யானை வேலிகிட்ட நிக்கறாப்புல காட்டுது. வெளிய எட்டிப் பார்த்தா வாழைக்குள்ள நின்னு தின்னுட்டிருக்குது. நேத்து நான் தோப்புக்குள்ள இறங்கிட்டேனுங்க, வேலிகிட்டத்தானே நிக்குதுன்னு நெனச்சுட்டு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நித்யா நேர்மையான பெண். “ஆனா இதுல கலர் கொஞ்சம் கம்மியாத் தெரியுமுங்கம்மா.”

“யானைக்கு எதுக்கு கண்ணு கலரு? எந்தப் பொட்டியில பார்த்தாலும் அது கருப்பாத்தான் இருக்கும்.”

ஸ்கிரீனா, பெர்ஃபாமன்ஸா? யூடியூபில் ஆளுக்கொரு பக்கம் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அந்த அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். எதைப் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் எதில் பார்ப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும் போல.

அதற்குப் பிறகு அவர் எங்களைப் பார்த்து, “நீங்க பார்த்துட்டு இருந்தீங்க. நீங்க எடுக்கலைன்னா நான் எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டார்.

நானும் கதிர்வேலும் ஒரே நேரத்தில், “எடுத்துக்குங்க” என்றோம். வாழைக்குள் யானை நிற்கும்போது இம்பெல்லரை முன்னால் தள்ள முடியுமா, சொல்லுங்கள்.

இப்படித்தான் நல்ல ஸ்கிரீன் எங்கள் வீட்டுக்கு வந்தது. வரும் வழியில் ஸ்கூட்டரில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு இடத்தில் அவர் தோள் குலுங்கியது. வருத்தமோ என்று பயந்தேன். “யானைங்க” என்று அந்த அம்மா சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. வண்டி ஆட, ஓரமாக நிறுத்திச் சிரித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

சிரிப்பு அடுத்த நாள் காலை நின்றது. இம்பெல்லர் அசைய மறுத்தது. அவர் சொன்னபடியே பிரித்தார். பின்பக்கத் தட்டைத் தனியாக, இறக்கைகளைத் தனியாக. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடினார். முகத்தில் பொறுமை தெரிந்தது. பொறுமை அவருடைய முகத்துக்குப் பழக்கமில்லாத பொருள். வேகமானது வேறு ஏதாவது இருந்தால் மாற்றிக் கொடுப்பார்களா என்று நித்யாவைக் கேட்க ஃபோனை எடுத்துவிட்டேன்.

“கண்ணு, இங்க வா.”

அவர் குரல் சரியில்லை. ஃபோனை வைத்துவிட்டுப் போனேன்.

“இங்க என்ன தெரியுது உனக்கு?”

சாம்பல் நிறத்தில் ஓர் இறக்கை. அது தட்டோடு சேர்கிற இடம். மயிரிழை போல ஒரு கோடு, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளிறி. “கோடு” என்றேன்.

“கோடு இல்ல. இடைவெளி. இறக்கை தட்டுல ஒட்டவே இல்ல.”

பழைய ஸ்கிரீனில் அந்த இரண்டு சாம்பலும் ஒரே சாம்பல். அவர் அதை எத்தனையோ தடவை பார்த்து, சரி என்று முடிவு செய்திருந்தார். அந்த டிராயிங் அப்படியே போயிருந்தால், அச்சும் அப்படியே வெட்டியிருப்பார்கள். ஓடுகிற பம்புக்குள் இறக்கை ஒடிந்திருக்கும். முதல் வேலையே கடைசி வேலையாகப் போயிருக்கும்.

அவர் சேரில் சாய்ந்துகொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அதைச் சரி செய்யத் தொடங்கினார். அன்று மத்தியானமும் மேஜையை அவருக்கே விட்டுவிட்டேன். மெதுவாகத்தான் போனது. சாயங்காலம் டிராயிங் ஃபவுண்டரிக்குப் போய்ச் சேர்ந்தது.

என் கிளிக் கதையில் இவ்வளவு திகில் இல்லை. ஃபைல் இரண்டு தடவை உறைந்து நின்றது. ஒரு தடவை நான் அழுதேன். கிளிகள் கூட்டமாக இருந்தால்தானே ஃபைல் கனக்கும் என்று பாதிக் கிளிகளைப் பறக்கவிட்டுவிட்டு, மிச்சம் இருந்தவற்றை அனுப்பினேன். நேற்று திருப்பூரிலிருந்து துணி சாம்பிள் கூரியரில் வந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்தேன். பச்சைக்குப் பச்சை. கழுத்தில் அந்த ஊதாவும் அப்படியே.

ஷமீமா மேடம் ஃபோனில் சொன்னார். “கிளி நல்லா இருக்குதுங்க. எச்சா கூட்டம் போடாம விட்டீங்க பாருங்க, அதுதான் இன்னும் நல்லா இருக்குது.” வேண்டுமென்றே செய்த மாதிரி, “ஆமாங்க” என்றேன். அந்த மெதுவான லேப்டாப் மேல் ஒரு மரியாதை வந்தது.

லேப்டாப் வாங்கப்போகும் வாசகர்களுக்கு என்னிடம் இருக்கும் யோசனை ஒன்றுதான். கடைக்குப் போகும்போது உங்கள் வேலையைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். வீட்டில் கூட இருப்பவரின் வேலையையும் எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டையும் திறந்து, இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.

சண்டையைத் தனியாக எடுத்துப் போக வேண்டாம். அது ஸ்கூட்டர் பின் சீட்டிலேயே வந்துவிடும்.