மூடிவைத்த பேனா

நான் எழுதுவதெல்லாம் கோர்ட்டுக்குப் போகும் என்றே அந்தக் குடும்பம் நம்பியது. தொண்ணூறுகளில் ஆவடியில் தம்பதியருக்கு மனநல ஆலோசனை சொல்லிவந்தேன். விவாகரத்துக்கு முன் கடைசி முயற்சியாகப் பக்கத்துச் சேக்காட்டிலிருந்து வந்த, பிரிந்து வாழ்ந்த தம்பதி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் என் பேனாவைப் பார்த்தே குறைகளை அடுக்கினார்கள்.

“மேடம், அத்த எழுதிக்கோங்க” என்பார் கணவர்.

“இத்தயும் எழுதுங்க” என்பார் மனைவி.

கோர்ட்டுக்குப் போகாது என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. ஒருநாள் பேனாவை மூடி அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டேன். அதை அவர் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் முதன்முறையாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

“நீ இல்லாம எனக்குச் சோறு எறங்கலய்யா.”

“இத்த ஏம்மே இம்மா நாளா சொல்லல?”

“சொன்னா மேடம் எழுதிடுவாங்க. கேசுல நான் தோத்துடுவேன்ல?”

கணவர் சிரித்துவிட்டார். நானும் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

என் கோப்பில் அன்றைய பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. சேக்காட்டு வீட்டில் அவர்கள் இருவரும் இன்றும் ஒன்றாக இருக்கிறார்கள்.