முப்பத்தொரு நாள் எண்

கொடைக்கானல் பஜாரில் தைலம் விற்கும் நசுருதீன் மாமா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆள் வராத மழைநாட்களில் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போடுவார். முதல் தேதிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய்க் கூட்டுவார். மூன்று நாளுக்கு ஏழு, ஐந்து நாளுக்கு முப்பத்தொன்று, ஏழு நாளுக்கு நூற்றிருபத்தேழு. எல்லாமே ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண்கள், மூன்று, ஐந்து, ஏழு என்ற அந்த நாட்களைப் போலவே. அப்படியே பகா எண்ணான பதினோராம் நாளில் 2047 வந்து ஏமாற்றியது; 23 அதை வகுத்துவிட்டது. முழு மாதம், முப்பத்தொரு நாளுக்கு வருவது 214,74,83,647. அது பகா எண்ணா என்று தானே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஏழு வருடங்களுக்கு முன், நான் ஊரைவிட்டுக் கிளம்பிய காலை, லட்சம் வரையுள்ள பகா எண்களின் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். கணிதம் படித்தவள் என்று என்னிடம் கேட்டிருந்தார்.

"போன்ல பாத்து விடையச் சொல்லிறாதம்மா. எது வரைக்கும் வகுக்கணும்னு மட்டும் சொல்லு."

வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்தது. "அந்த எண்ணுல பாதி வரைக்கும் மாமா" என்று கத்திவிட்டு ஏறினேன்.

அதன்பின் எத்தனையோ ஊர்களில் இருந்தேன். ஒரு நாளும் அதை நினைக்கவில்லை.

போன மாதம் திரும்பி வந்து கடைக்குப் போனேன். பக்கத்துக் கடையில் பேரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்த மயில்சாமி அண்ணன்தான் முதலில் பார்த்தார்.

"வா லாவண்யா. ஒன் கணக்கு பாயோட கண்ணத் தின்னுருச்சு. அப்பல்லாம் வெள்ளனே வந்து மூணு வகுத்தல் போட்டாத்தான் கடையவே தொறப்பாரு."

"நீ ஒஞ்சோலியப் பாருல" என்றார் மாமா. அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது. "எழுபதாயிரம் தாண்டுனேம்மா. பாதின்னா நூத்தியேழு கோடி. நம்ம ஆயுசுல ஆகாது. விட்டு எட்டு மாசமாச்சு. தோத்துட்டேன்."

பாதி வரை போகவே வேண்டியதில்லை. இரண்டு எண்களைப் பெருக்கி மாமாவின் எண் வருமானால், அவற்றில் சின்னது 46,340ஐத் தாண்டாது; இரண்டுமே தாண்டினால் பெருக்கித் வருவது அதைவிடப் பெரிதாகிவிடும். அதற்குள் எதுவும் வகுக்காவிட்டால் அப்புறமும் எதுவும் வகுக்காது. பட்டியலில் அந்த எல்லைக்குள் கடைசி எண் 46,337.

"மாமா, 46,337ஐ எப்ப வகுத்தீங்க?"

"அது ஆச்சு, ரெண்டு வருசம் இருக்கும்."

"அன்னைக்கே முடிஞ்சிருச்சு மாமா. அது பகா எண்தான். நான்தான் அவசரத்துல தப்பாச் சொல்லிட்டேன்."

மாமா ஒரு தைலப் பாட்டிலை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு கேட்டார்:

"அந்த பஸ் போனா அடுத்த பஸ் வந்திருக்கும்லம்மா?"

46,337ஐ வகுத்த நாளின் தாளைக் காட்டச் சொன்னேன். இல்லை. தோற்றதாக முடிவுசெய்ததிலிருந்து அந்தத் தாள்களில்தான் தைலப் பாட்டில்களைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். எல்லாம் சுற்றுலா வந்தவர்களோடு மலையிறங்கிவிட்டன.

மாமா அன்றைய தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "கடைசி ஒண்ண மறுபடி போடுவோம். நான் சொல்லச் சொல்ல எழுது."

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். மீதி 41,719.

"வகுபடல" என்று தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"என்ன பாய், ஜெயிச்சாச்சா?" என்றார் மயில்சாமி அண்ணன்.

"ஜெயிச்சு ரெண்டு வருசமாச்சாம்ல" என்றார் மாமா, சிரிக்காமல்.